மலைமேல் வைக்கும் கால்

புதுச்சேரி நகரத்துக்குக் கடல் உண்டு, ஊசுட்டேரி உண்டு, கோரிமேட்டுச் செம்மண் உண்டு. மலை மட்டும் கிடையாது. மலை காண விரும்பும் புதுச்சேரிவாசி வடமேற்கே திண்டிவனத்தைக் கடந்து, ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் பயணம் செய்து, பாறைமேல் பாறையாகக் குவிந்து கிடக்கும் செஞ்சிக் குன்றுகளைத்தான் சென்று சேர வேண்டும். ஆயினும் அந்த மலை தன் அங்கத்தில் ஒரு பகுதியை நமக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்திருக்கிறது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களை, மாலையில் காற்று வாங்க வருகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒடுங்கி உயர்ந்து, உடம்பெங்கும் சிற்ப வேலை தாங்கி, உப்புக் காற்றில் நிற்கிற அந்தத் தூண்கள் செஞ்சிக் கோயிலில் இருந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் அந்தக் கோட்டையை ஆண்ட காலத்தில் இங்கே வந்து சேர்ந்தவை. அனுப்பிவைத்திருக்கிறது என்று நான் எழுதியது மரியாதைக்காக. பெயர்த்தெடுத்து வந்தார்கள் என்பதே நிஜம். தூண்களின் அடியில் சாய்ந்து படம் பிடித்துக்கொள்ளும் யாத்ரீகர்களுக்கும், அவற்றைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடும் குழந்தைகளுக்கும் இவை ஒரு தெய்வத்தின் மண்டபத்தைத் தாங்கியவை என்ற செய்தி தெரியாது. தெரியாததில் அவர்கள் குற்றமும் இல்லை.

மொகலாயர் படையை ஏறக்குறைய எட்டு ஆண்டுக் காலம் வாசலிலே காக்கவைத்த செஞ்சிக் கோட்டையை, 1750 செப்டம்பரில் ஓர் இரவுப் பொழுதில், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் அவனுடைய வீரர்களும் செங்குத்தான பாறைகளின் மேல் ஏறிக் கைப்பற்றினார்கள் என்பது சரித்திரம். புதுச்சேரியின் வரலாற்றில் நடந்த மிகப் பெரிய மலையேற்றம் அதுதான் என்று சொன்னால் தவறாகாது. அந்த வீரர்கள் ஏறிய ராஜகிரியின் சரிவில் கமலக்கண்ணி அம்மன் இருக்கிறாள். அம்மலைக்கு ராஜகிரி என்ற பெயர் வருவதற்கு முன்பே அவளுடைய பெயர் அதற்கு இருந்ததென்று சொல்லுவார்கள். உச்சியில் அரங்கநாதர், அடிவாரத்தில் சாதத்துல்லா கானின் பள்ளிவாசல், சற்றே விலகி மேலச்சேரியில் திரௌபதி அம்மன் என்று அந்தக் குன்றுகள் யாரோ ஒருவருடைய சொத்தாக ஒருநாளும் இருந்ததில்லை. வெற்றி கொண்ட சேனை எந்தத் தெய்வத்திடமும் அனுமதி கேட்கவில்லை. சேனைகள் கேட்பது வழக்கமுமில்லை.

இன்று மலையேறுகிறவர் சேனையோடு வருவதில்லை. முதுகில் ஒரு பையும், இடுப்பில் ஒரு கயிறும், விரல் வழுக்காமலிருக்க வெண்பொடிப் பை ஒன்றும் கொண்டு வருகிறார். அவருக்கு யாரையும் வெல்லும் எண்ணமில்லை. அவரிடம் போய், ‘ஐயா, இந்தப் பாறை எங்களுக்குப் பூஜைக்குரியது, இதன்மேல் ஏறாதீர்கள்’ என்று அந்த நிலத்தின் மூத்த குடிகள் சொன்னால், அச்சொல்லுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு? ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி பல ஆண்டுகளாகப் பூங்கா நிர்வாகங்களையும் நீதிமன்றங்களையும் மனச்சாட்சிகளையும் வருத்திக்கொண்டிருக்கிறது. நமக்கு அது அந்நியமான கேள்வி அன்று என்பதையும், நம் சம்பிரதாயம் அதற்குக் கொடுக்கும் விடை நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது என்பதையும் சொல்லவே இக்கட்டுரை.

அந்தக் கண்டத்தின் நடுவே, சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயரத்துக்குத் தனியாக எழுந்து நிற்கும் உலுரு என்னும் செம்பாறை, ஆனங்கு என்ற பூர்வகுடி மக்களுக்கு முன்னோர்களின் நடமாட்டமும் சட்டமும் ஒருங்கே பதிந்த இடம். வெள்ளையர் அதற்கு வேறு பெயரிட்டார்கள்; 1960-களில் அதன் முதுகில் இரும்புத் தூண்கள் நட்டுச் சங்கிலி கட்டினார்கள்; லட்சக்கணக்கானோர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்; முப்பத்தைந்து பேருக்கு மேல் அங்கே உயிரிழந்தார்கள். 1985 அக்டோபர் 26-ஆம் தேதி அந்நிலம் ஆனங்கு மக்களிடம் சட்டப்படி திருப்பிக் கொடுக்கப்பட்டது. கொடுத்த கையோடு தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு அரசே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு பூங்காவாகவே வைத்துக்கொண்டது. ஏறும் வழி முன்னோர்கள் நடந்த புனிதப் பாதையின் மேல் செல்கிறது, ஆகையால் ஏற வேண்டாம் என்று அம்மக்கள் பல ஆண்டுகள் வேண்டிக்கொண்டார்கள். இதில் என் மனத்தைத் தொட்ட விஷயம் வேறொன்று: அங்கே விழுந்து இறந்தவர்களுக்காக அவர்கள் துக்கம் காத்தார்கள். தங்கள் நிலத்துக்கு வந்த விருந்தினன் தங்கள் நிலத்திலே மாண்டால் அந்தப் பழி வீட்டுக்காரனைச் சேரும் என்பது அவர்களுடைய தர்மம். 2017 நவம்பரில் பூங்காவின் நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்து, 2019 அக்டோபர் 26-ஆம் தேதி முதல் ஏறுவதை அடியோடு நிறுத்தியது. கடைசி வாரங்களில் எறும்புச் சாரை போல ஜனங்கள் வரிசையில் நின்று ஏறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இனி முடியாது என்பதற்காக ஓடிவந்து ஏறுகிற மனப்பான்மையை என்னால் எவ்வளவு முயன்றும் மதிக்க முடியவில்லை.

நம்மிடம் வருவோம். மலையில் கால் வைப்பதே பிழை என்று கருதிய ஓர் உள்ளம் நம் நாட்டிலே, அதுவும் பிற்காலத்தில் பிரெஞ்சு இந்தியாவின் பகுதியாகிப் புதுச்சேரியோடு இணைந்து நிற்கும் காரைக்காலிலே பிறந்தது. வணிகர் குலத்துப் புனிதவதி, கணவன் தன்னைத் தெய்வமென்று விலகிய பின், உடலழகை உதறிப் பேயுருக் கொண்டு கயிலைக்கு யாத்திரை போனாள். சிவபெருமான் உறையும் மலையைக் காலால் மிதிக்கலாகாதென்று அஞ்சித் தலையால் நடந்து ஏறினாள் என்று சேக்கிழார் பாடுகிறார். இறைவனே தாயென்று அழைத்த அந்த அம்மையார் பிறகு திருவாலங்காட்டிலும் தலையால் நடந்தாள் என்பதனால், நெடுங்காலத்துக்குப் பின் அவ்வூர் எல்லைக்கு வந்த ஞானசம்பந்தர் அம்மண்ணை மிதிக்க மனமின்றி ஊருக்குப் புறம்பே தங்கினார் என்பதும் அதே புராணம். பாறை புனிதமாயிருந்தது முதல் நிலை. பாறையைப் புனிதமென்று எண்ணி ஒருத்தி நடந்த மண்ணும் புனிதமாகிவிட்டது அடுத்த நிலை. திருமலையைச் சேஷனின் திருமேனியென்று கருதிய இராமாநுஜர் முழங்காலால் ஏறினார் என்று வைணவ ஐதீகம் கூறுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

ஆனால் இதை மட்டும் காட்டி, தமிழன் மலைக்கு அஞ்சி விலகியே வாழ்ந்தான் என்று ஒருவர் சாதித்தால், அவரைப் பௌர்ணமி இரவில் பர்வதமலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கடப்பாறைப் படி, ஏணிப் படி, தண்டவாளப் படி என்று பக்தர்கள் பெயரிட்டு வைத்திருக்கும் அந்தச் செங்குத்துப் பாறையில், பாறைக்குள் அடித்த இரும்புக் கடப்பாறைகளில் காலை ஊன்றி, சங்கிலியைப் பற்றிக்கொண்டு, ஆண்களும் பெண்களும் வயோதிகர்களும் இருட்டில் ‘அரோகரா’ என்று குரல் கொடுத்துக்கொண்டே மேலே போகிறார்கள். முன்னே போகிறவருடைய பாதம் பின்னே வருகிறவருடைய தலைக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கும். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளிலும் ஆண்டுதோறும் இதே காட்சிதான். உலுருவின் சங்கிலியும் பர்வதமலையின் சங்கிலியும் ஒரே இரும்பு. அங்கே அது அவமதிப்பாயிற்று, இங்கே அது வழிபாட்டின் சாதனம். ஏறுவது பக்தியா பிழையா என்ற கேள்விக்கு, ஏறுதல் என்ற செயலுக்குள்ளே தேடினால் விடை அகப்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் எனக்குத் தெரியவில்லை.

இவ்விரு போக்குகளும் ஒரே மலையில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமானால் திருவண்ணாமலைக்குத்தான் போக வேண்டும். அங்கே மலை சிவனுடைய இருப்பிடம் அன்று, சிவனே மலை. அன்னமாய்ப் பறந்து முடியைத் தேடிய பிரமன் காணாமல் களைத்து, தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கி, கண்டேன் என்று சொல்லித் தண்டனை பெற்ற கதை அத்தலத்தின் மூலக் கதை. உச்சியை எட்டிவிட்டேன் என்ற பெருமையின் வரலாற்றில் அதுவே முதல் அத்தியாயம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆகையால் சாமானிய பக்தன் ஏறுவதில்லை. பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வருகிறான். ஆனால் கார்த்திகைத் தீபத்தன்று அந்த உச்சிக்கு ஆளுயரக் கொப்பரையும் நெய்யும் திரியும் போக வேண்டும். அவற்றைச் சுமந்து சென்று தீபமேற்றும் உரிமை பர்வதராஜகுலத்தாருக்கு வழிவழியாக உண்டு. அவர்கள் பின்னால் ஆயிரக்கணக்கானோர் ஏறுவதும் நெடுநாள் வழக்கமாயிருந்தது. பதினோரு நாள் எரிந்து தீபம் மலையிறங்கிய பிறகு கோயிலார் செய்யும் காரியத்தைத்தான் கவனிக்க வேண்டும்: மகேசனுடைய திருமேனியாகிய மலையின்மேல் மனிதர் கால் பட்டதற்காக, பிராயச்சித்த பூஜை செய்கிறார்கள். கடமைக்காக ஏறினாலும், கட்டளைப்படி ஏறினாலும், தீபத்துக்காகவே ஏறினாலும், மிதித்தது மிதித்ததுதான். அதற்கு ஈடு செய்தாக வேண்டும். அனுமதி ஒரு பக்கமும் தடை ஒரு பக்கமுமாக உலகத்தைப் பிளந்து வைத்திருக்கும் சட்ட புத்திக்கு இந்த மூன்றாவது வழி எளிதில் விளங்காது.

1896-இல் அங்கே வந்து சேர்ந்து 1950-இல் சமாதியடையும் வரை அம்மலையை விட்டு நீங்காத ரமணர், அதன் சரிவுகளில் திரியாத இடமில்லை. ஒருநாள் புதரோரம் நடக்கையில் அவருடைய கால் ஒரு குளவிக் கூட்டில் பட்டுவிட்டது. குளவிகள் மொய்த்துக் கொட்டின. கூட்டைக் கலைத்தது இந்தக் கால்தான், இது தண்டனை அனுபவிப்பது நியாயமே என்று அவை தம் கோபம் தீரும் வரை அசையாமல் நின்றார். கால் வீங்கிப் போயிற்று. அறியாமல் செய்ததற்குத் தண்டனை எதற்கு என்று பிற்காலத்தில் ஓர் அடியார் கேட்டதும் உண்டு. மலையோடு உறவுள்ளவன் மலையில் நடக்கிற விதம் அது. 2024 டிசம்பர் முதல் தேதி, புதுச்சேரியை வெள்ளக்காடாக்கிய ஃபெஞ்சல் புயலின் மழையில் அதே மலையின் சரிவு பெயர்ந்து அடிவாரத்து வீடொன்றின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அவ்வாண்டுத் தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மண்ணியல் நிபுணர்கள் சொன்ன காரணத்துக்காக நின்றவர்களும் உண்டு, மலை வேண்டாமென்கிறது என்று எண்ணி நின்றவர்களும் உண்டு.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். அது வெளியிலிருந்து வருவதன்று, நம் வீட்டுக்குள்ளிருந்தே வருவது. சர்வ வியாபியான பரம்பொருளுக்கு ஒரு பாறை மட்டும் உறைவிடமாகுமா? கல்லை நட்டு அதைச் சுற்றி வருவதைச் சிவவாக்கியர் எள்ளி நகையாடவில்லையா? கடவுள் உள்ளத்திலே இருக்கையில், பாறையிலே ஏறுகிறவனை ஏன் தடுக்க வேண்டும்? சித்தர் மரபு வேரூன்றிய ஊர் புதுச்சேரி. கருவடிக்குப்பத்துச் சித்தர் கோயிலின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. நான் சொல்லும் சமாதானம் இது: சித்தர் தம்முடைய நெஞ்சிலிருந்த கல்லை உடைத்தார், பிறனுடைய நெஞ்சை உடைக்கவில்லை. பாறையில் ஈசன் இல்லை என்பது ஒருவன் தவத்தால் அடைந்த ஞானமாயிருக்கலாம். ஆனால் அந்த ஞானத்தைக் காரணம் காட்டி, பாறையில் தன் முன்னோரைக் காண்கிறவளின் கண்ணெதிரே அதன் மேல் ஏறி நிற்கிறவன், தத்துவத்தை நிரூபிக்கவில்லை. அவளுக்குத் துன்பம் தருகிறான், அவ்வளவே. தெய்வம் கல்லில் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், கல்லுக்கும் ஒரு ஜனசமூகத்துக்கும் இடையே ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உண்டாகியிருக்கும் உறவு பிரத்தியட்சமானது. அந்த உறவைப் புண்படுத்துவதற்கு நாஸ்திகம் உரிமை தராது, அத்வைதமும் தராது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது, அதைச் சொல்லாமல் புனிதத்துக்காக வாதாடுவது தமிழ்நாட்டில் நேர்மையாகாது. இந்த இடம் புனிதமானது, நீ இங்கே கால் வைக்காதே என்ற வாக்கியத்தை நம் நாட்டில் யார், யாரிடம், எத்தனை நூற்றாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்? கோயில் வாசலிலும் குளத்துப் படியிலும் தேரோடும் வீதியிலும் உழைக்கும் ஜனங்களை நிறுத்திவைத்ததும் இதே வாக்கியந்தானே? 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் ஹரிஜன அன்பர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியின் சந்நிதிக்குள் புகுந்தபோது, புனிதம் கெட்டது என்று கூக்குரலிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் பக்கம் நில்லாதவன் ஆனங்கு மக்களின் பக்கம் மட்டும் எப்படி நிற்கலாம்? இது விளையாட்டுக் கேள்வியன்று. பல நாட்கள் என்னை உறுத்திய கேள்வி.

வாக்கியம் ஒன்றானாலும் அதைச் சொல்லுகிற வாய் வேறு என்பதுதான் நான் கண்ட விடை. மதுரையில் தடுத்தவர்கள் தாங்கள் உள்ளே நின்றுகொண்டு பிறரைத் தடுத்தார்கள். விலக்கின் பாரம் முழுவதும் பிறர் தலையில், அதன் பயன் முழுவதும் தங்கள் மடியில். உலுருவில் ஏறாதே என்றவர்கள் தாமும் பொதுவில் அதன்மேல் ஏறுகிறவர்களல்லர். பிறருக்கு இட்ட கட்டளையைத் தமக்கு முதலில் இட்டுக்கொண்டு, பிறகே விருந்தினரிடம் நீட்டினார்கள். காரைக்கால் அம்மையார் வேறு யாருடைய காலையும் தடுக்கவில்லை. தன் காலைத்தான் விலக்கினாள். திருவாலங்காட்டின் எல்லையில் நின்ற சம்பந்தரை நிற்கச் சொன்னவர் யாரும் இல்லை. ஒரு விலக்கு தர்மமா ஆதிக்கமா என்று சோதிக்க விரும்புகிறவர், அதைச் சொல்லுகிறவனை அது கட்டுகிறதா என்று முதலில் பார்க்கட்டும். நிலத்தை இழந்தவன் எஞ்சிய ஒரு பாறையைச் சுட்டி, இதையாவது விட்டுவை என்பதும், நிலமெல்லாம் உடையவன் வாசற்கதவைச் சாத்துவதும் ஒன்றாகமாட்டா.

மலையேறுகிறவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது; அதைப் பரிகசிப்பது சுலபம், நான் பரிகசிக்கப் போவதில்லை. விரல் நுனியில் உயிரைத் தாங்கி, மூச்சையும் அச்சத்தையும் ஒரு கட்டுக்குள் கொண்டுவந்து, பாறையின் ஒவ்வொரு வெடிப்பையும் குருடன் எழுத்தைத் தடவிப் படிப்பது போலப் படித்துச் செல்லும் அந்தப் பயிற்சி, ஒருவகைச் சாதனையே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் கிராம்பியன்ஸ் என்று வழங்கும் கரிவெர்டு மலைகளில் 2019-இல் பல பகுதிகள் ஏறுவோருக்கு மூடப்பட்டபோதும், ஆயிரக்கணக்கான ஏறுதடங்களுக்குப் பேர் போன அரபைல்ஸ் என்னும் டியுரிட் பாறைகளில் ஏறத்தாழ பாதித் தடங்களை மூடும் திட்டம் 2024 நவம்பரில் வெளியானபோதும், அவர்கள் அடைந்த துயரம் போலியன்று. அங்கேயே குடியேறி, அங்கேயே பிள்ளை வளர்த்தவர்கள் பலர். தங்களைக் கலந்துகொள்ளாமல் முடிவு செய்தார்கள் என்ற அவர்களுடைய மனக்குறையும் கேட்கத் தக்கது. ஆனால் கலந்துகொள்ளப்படாமல் முடிவுகளுக்கு ஆளாவது எப்படியிருக்கும் என்பதை அந்நாட்டில் அவர்களுக்கு முன்பே, அவர்களைவிட நெடுங்காலம் அறிந்தவர்கள் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஏறுகிறவர்களுக்குள்ளேயே உயர்ந்த மரபு ஒன்று உண்டு. 1955 மே 25-ஆம் தேதி கஞ்சன்ஜங்காவின் உச்சிக்கு முதன்முதலாகச் சென்ற ஜார்ஜ் பேண்ட், ஜோ பிரவுன் இருவரும், சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கின்படி, உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். அந்தச் சிகரம் அம்மக்களுக்குத் தெய்வம். கீழேயிருந்து எவரும் பார்க்க முடியாத உயரத்தில், உலகமெங்கும் புகழ் காத்திருக்கையில், இன்னும் நாலடி வைத்தாலும் யாருக்கும் தெரியாது என்ற நிலையில் அவர்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின் சென்ற பலரும் அப்படியே நின்றார்கள். பிரமன் செய்யத் தவறியதை இரண்டு ஆங்கிலேயர்கள் செய்தார்கள். அமெரிக்காவில், லகோட்டா முதலிய பல பூர்வகுடிகள் கரடியின் இல்லம் என்று பெயரிட்டு வணங்கும் பாறையில், அவர்களுடைய சடங்குகள் நடக்கும் ஜூன் மாதம் மட்டும் தாமாக விலகியிருக்கும்படி பூங்காவினர் 1995-இல் ஏறுவோரைக் கேட்டுக்கொண்டார்கள். கட்டளையிடவில்லை, வேண்டுகோள்தான். பெரும்பாலோர் இசைந்தார்கள், சிலர் வழக்குத் தொடுத்தார்கள், வேண்டுகோள் செல்லும் என்றே முடிந்தது. வேண்டுகோளுக்கு இணங்கி ஒதுங்குகிற கால் அம்மையாரின் இனம். கட்டளைக்குப் பயந்து நிற்கிற கால் வேறு இனம். ஆனால் வேண்டுகோள் நிறைவேறும் வரை எத்தனை தலைமுறை காத்திருப்பது என்று ஆனங்கு முதியவர் கேட்டால், அதற்கு என்னிடம் விடையில்லை. அதனால்தான் சட்டமும் வேண்டியிருக்கிறது.

நம் வட்டாரத்தில் ஆபத்துக்குள்ளாகிற பொருள் கண்ணை நிறைக்கிற கோபுரமாக இருப்பதில்லை. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கீழ்வாலை என்ற ஊரருகே, குண்டுப் பாறைகளின் முகத்தில் செங்காவியால் தீட்டிய மனித உருவங்களும் விலங்குருவங்களும் உள்ளன. எழுத்துத் தோன்றுமுன் வாழ்ந்தவர்களின் கைவேலை. வழியறியாதவன் பத்தடி தூரத்தில் நின்றாலும் அவனுக்குத் தெரிவது பாறையின் கறைதான். ஒரு வியர்வைக் கை, ஒரு பிடி வெண்பொடி, காதலர் பெயரொன்றைக் கீறும் ஆணி, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். செஞ்சிக்கு வடக்கே திருநாதர் குன்றில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் அதே குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாக வெட்டிய சில வரிகள், தமிழெழுத்தின் வரலாறு படிப்பவர்களுக்குக் கண்மணி போன்றவை, வெயிலும் மழையும் படக் கிடக்கின்றன. அங்கே ஒரு மனிதர் பட்டினி கிடந்து, ஒரு நாளைப் போல ஐம்பத்தேழு நாளும் தன்னைக் குறைத்துக்கொண்டே போய் மறைந்தார். அந்தப் பாறை ஏறுவதற்கு வாகானது, காட்சி அழகானது. மாலை வெயிலில் வாலிபர்கள் அதன்மேல் தாவித் தாவிப் போவதைக் காணலாம்.

இவ்வளவு எழுதிய பின் ஒரு விஷயத்தை மறைத்தால் பேனாவுக்கு இழுக்கு. இந்த நாட்டுப் பாறைகளுக்குக் கயிறு கட்டி ஏறுகிறவனால் வந்த கேடு சொற்பம். வெடிவைத்துப் பிளந்து, ஜல்லியாக்கி, பளபளப்பாக்கிக் கப்பலேற்றுகிறவனால் வந்ததே பெருங்கேடு. ஒரு குன்றை மிதிப்பவன் பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம். இல்லாமற்போன குன்றுக்கு எந்த மந்திரத்தால் பிராயச்சித்தம் செய்வது? ஒடிசாவில் நியமகிரியைத் தங்கள் தெய்வராஜனின் வீடென்று வணங்கும் டோங்கிரியா கோந்த் மக்களிடம், சுரங்கம் வரலாமா என்று கேட்கும்படி 2013 ஏப்ரல் 18-ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. தெய்வம் அம்மலையில் உண்டா இல்லையா என்று விசாரிக்காமல், அதை வணங்குகிறவர்களைக் கேள் என்றது நீதிமன்றம்; ஞானமுள்ள முறை என்று நான் கருதுகிறேன். மதுரையருகே அரிட்டாபட்டியில், எட்டாம் நூற்றாண்டுக் குடைவரையும் சமணர் படுகைகளும் பிராமிக் கல்வெட்டும் உள்ள குன்றுகளை உட்கொண்ட நிலத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, சுற்றுக் கிராமத்தார் திரண்டு எதிர்த்ததும், 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டதும் நாம் கண்ணாரக் கண்டது. அங்கே சமணர் இன்று குடியிருக்கவில்லை. காத்தவர்கள் சிவனையும் ஐயனாரையும் வணங்குகிற உழவர்கள். பிறர் தெய்வத்தின் கல்லைத் தம் ஊர்க்கல் என்று காத்தார்கள்.

மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அவற்றுள் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. இனிக் கூட்டம் பெருகும், சாகச விளையாட்டு நடத்துவோரும் வருவார்கள், எங்கே ஏறலாம் எங்கே கூடாது என்று பலகை வைக்கும் நாளும் வரும். அந்தப் பலகையை எழுதுமுன் யாரைக் கேட்பார்கள் என்பதுதான் என் கவலை. தொல்லியல் துறையைக் கேட்பது சட்டம், அது நடக்கும். ராஜகிரியின் வழியில் விளக்கேற்றுகிற கமலக்கண்ணி கோயிற்காரரை, மேலச்சேரியின் தீமிதிக்குக் காப்புக் கட்டுகிற குடும்பத்தாரை, பள்ளிவாசலின் பொறுப்பாளரை, திருநாதர் குன்றைத் தம் முன்னோரின் தவபூமியாகக் காணும் மேல்சித்தாமூர்ச் சமணரை, அந்தச் சரிவுகளிலே ஆடு மேய்க்கிறவரைக் கேட்பார்களா? கேட்டால் அவர்கள் சொல்லுவது ஒன்றுபோல் இராது. ஒருவர் ஏறட்டும் என்பார், ஒருவர் செருப்பில்லாமல் ஏறட்டும் என்பார், ஒருவர் ஆடி மாதம் வேண்டாம் என்பார், ஒருவர் இந்தப் பாறை மட்டும் கூடாது என்று கைகாட்டுவார். அந்தக் கைகாட்டலைப் படத்தில் குறித்துக்கொள்வதற்கு அதிகச் செலவாகாது. கயிறும் ஆணியும் கொண்டு வருகிற இளைஞர்கள் தாமே அந்தக் காரியத்தைத் தொடங்கலாம். செஞ்சியில் ஏறுவதற்குப் பாறைக்கா பஞ்சம்? செஞ்சித் தூண்களைக் கடற்கரையில் வைத்திருக்கும் புதுச்சேரி நகராட்சி, அவை எந்த ஊரிலிருந்து, எந்தக் கோயிலிலிருந்து, எவ்விதம் வந்தன என்று தமிழிலும் பிரெஞ்சிலும் நாலு வரி எழுதி அங்கே நடுவதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.